விஷத்திற்கு “மருந்து” என்று பெயர்

நம் நாட்டில் பெயரைக் கொண்டே மக்களை ஏமாற்றும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. பாடுபடாமல் உண்பவனை “மேலானவன்” என்றும், பாடுபட்டு அவனுக்குச் சோறு போடுபவனைக் “கீழானவன்” என்றும் பெயரிட்டார்கள். பெயர் வைத்தாகிவிட்டால் பிறகு யாரும் சங்கதியைக் கவனிப்பதில்லை. அந்த வரிசையில் சேர்ந்ததுதான் “பூச்சி மருந்து” என்கின்ற பெயரும் என்று சொல்லுகின்றோம்.

மருந்து என்றால் என்ன? நோயைத் தீர்ப்பது மருந்து. டப்பியிலும் புட்டியிலும் அடைத்து உரக்கடையில் விற்கப்படுகின்ற இந்தச் சரக்கு எந்த நோயைத் தீர்க்கின்றது? கிராமத்தில் “இன்னார் மருந்தைக் குடித்துவிட்டார்” என்று ஒருவர் கத்தினால், “என்ன வியாதிக்கு?” என்று யாராவது கேட்கின்றார்களா? ஆஸ்பத்திரிக்கல்லவா தூக்கிக்கொண்டு ஓடுகின்றார்கள்! அந்தப் புட்டியின் மேலேயே சட்டப்படி ஒரு சாய்ந்த சதுரம் அச்சடித்திருக்கின்றது. அதில் சிவப்பு இருந்தால் மிகக் கொடிய விஷம், மஞ்சள் இருந்தால் கொடிய விஷம், நீலம் இருந்தால் நடுத்தர விஷம், பச்சை இருந்தால் அதற்கும் குறைந்த விஷம் என்று அர்த்தம். சர்க்கார் சட்டம் விஷம் என்கின்றது. விற்கின்றவன் மருந்து என்கின்றான். நாமோ சட்டத்தை விட்டுவிட்டு, விற்கின்றவன் பேச்சையே வேதவாக்காகக் கொண்டிருக்கின்றோம்.

விதியா, விஷமா?

சமீபத்தில் நாம் ஒரு கிராமத்திற்குக் கூட்டத்திற்காகச் சென்றிருந்தோம். கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு நம்மிடம் வந்தார். வயது அறுபத்தெட்டு என்றார். நாற்பது வருஷம் பிறர் வயலில் கூலிக்கு “மருந்து” அடித்தவர். சர்க்கரை வியாதி முற்றிக் காலில் இரண்டு விரல்களை எடுத்தாகிவிட்டது. அவர் கேட்டது இதுதான்: “ஐயா, இது பணக்காரன் வியாதி என்கிறார்களே. கஞ்சி குடிக்கிற எனக்கு இது எப்படி வந்தது? சோசியர் சனி என்கிறார். பூசாரி போன ஜென்மத்துப் பாவம் என்கிறார். டாக்டரோ அரிசியைக் குறை, தினம் நட என்கிறார். நான் நடக்காத நடையா?”

நாம் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால், தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லுவது சோசியன் வேலையே ஒழிய நம் வேலையல்ல. ஊர் திரும்பி, இதைப்பற்றி உலகத்தில் என்னென்ன ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன என்று தேடிப் படித்தோம். படித்ததை அந்தப் பெரியவருக்கும், அவரைப்போல் இருக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கும் சொல்லவே இதை எழுதுகின்றோம்.

முதலில் ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகின்றோம். சர்க்கரை வியாதிக்குக் காரணம் ஒன்றல்ல. பரம்பரை, உடற்பருமன், உழைப்பில்லாமை, தீட்டின அரிசியும் சர்க்கரையும் மிகுந்த சாப்பாடு, வயது ஆகிய எல்லாம் காரணந்தான். 2023ஆம் வருஷம் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு, அதாவது வயது வந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல், இந்த வியாதி இருக்கின்றது. இத்தனை பேருக்கும் பூச்சிவிஷத்தால்தான் வந்தது என்று சொன்னால் அது புரட்டாகும். ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையென்று சொன்னால் அது அதைவிடப் பெரிய புரட்டு என்பதே நம் வாதம்.

ஆராய்ச்சி என்ன சொல்லுகின்றது?

வெளிநாட்டுக்குப் போவதற்கு முன் மதுரையையே எடுத்துக்கொள்ளுவோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் அங்குள்ள கிராமங்களில் 3,080 பேரைப் பரிசோதித்து, 2017ஆம் வருஷம் முடிவை வெளியிட்டார்கள். ஆர்கனோபாஸ்பேட் என்னும் வகையைச் சேர்ந்த பூச்சிவிஷங்களோடு நேரடியாகப் புழங்கியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. புழங்காதவர்களில் நூற்றுக்கு 6.2 பேருக்குத்தான் இருந்தது. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே கஞ்சி. ஆனால் வியாதி மூன்று பங்கு! பிறகு அவர்கள் மோனோகுரோட்டோபாஸ் என்னும் விஷத்தைச் சுண்டெலிகளுக்குத் தண்ணீரில் சிறிது சிறிதாகக் கலந்து 180 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் இரத்தத்தில் சர்க்கரை ஏறிற்று. அந்த எலிகளின் குடலிலுள்ள கிருமிகளை வேறு எலிகளின் குடலில் சேர்த்தபோது அவற்றிற்கும் ஏறிற்று. அதாவது, குடலில் வாழும் கிருமிகள் அந்த விஷத்தை உடைத்து அசிட்டிக் அமிலம் போன்ற பொருள்களாக மாற்றுகின்றன. அதிலிருந்து ஈரல் தேவைக்கு மேல் சர்க்கரையைச் செய்து இரத்தத்தில் விடுகின்றது என்று கண்டார்கள். இதில் சனியும் இல்லை, போன ஜென்மமும் இல்லை.

அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா என்ற இரண்டு மாகாணங்களில், விஷம் தெளிக்க லைசென்சு பெற்ற 33,000க்கு மேற்பட்டவர்களை 1993 முதல் கவனித்து வந்தார்கள். 2008ஆம் வருஷம் அதன் முடிவு வெளியாயிற்று. ஏழு விஷங்கள் சந்தேகத்திற்கு ஆளாயின. அவற்றில் ஆல்டிரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகிய மூன்றையும் வாழ்நாளில் 100 நாளுக்கு மேல் உபயோகித்தவர்களுக்குச் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு முறையே 51, 63, 94 சதவிகிதம் கூடியிருந்தது. வயதையும் உடற்பருமனையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் கண்ட கணக்கு இது. 2014ஆம் வருஷத்தில் அதே ஆராய்ச்சியைச் சேர்ந்தவர்கள் விவசாயிகளின் மனைவிமார்களைப் பார்த்தார்கள். போரேட், பாரத்தியான் போன்றவற்றைக் கையாண்ட பெண்களிடத்திலும் அதே போக்கைக் கண்டார்கள். பாரத்தியான் என்றால் வேறொன்றுமல்ல, நம் கிராமத்தார் “பாலிடால்” என்று சொல்லிவந்ததுதான்.

வயதானவர்களையே தனியாகப் பார்த்த ஆராய்ச்சியும் உண்டு. ஸ்வீடன் தேசத்து உப்சாலா நகரில் 70 வயதான 725 பேரின் இரத்தத்தை எடுத்து, அதில் பழைய குளோரின் வகை விஷங்களின் எச்சம் எவ்வளவு என்று அளந்தார்கள். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்ததில் 36 பேருக்குப் புதிதாகச் சர்க்கரை வியாதி வந்திருந்தது. எச்சம் அதிகம் இருந்தவர்களுக்கே வாய்ப்பும் அதிகமாக இருந்தது என்று 2011ஆம் வருஷம் வெளியிட்டார்கள். அவர்களெல்லாம் விஷம் தெளித்தவர்களல்லர்; நகரத்து வாசிகள். தின்ற தீனியின் மூலமாகவே அவர்களுக்குச் சேர்ந்தது என்றால், தோளில் டப்பாவைக் கட்டிக்கொண்டு அதில் நனைந்தவன் கதி என்ன என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

முதியோரை ஏன் பிடிக்கின்றது?

இதற்குக் காரணம் தெளிவானது. குளோரின் வகை விஷங்கள் தண்ணீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரைகின்றன. உடம்புக்குள் போனால் கொழுப்பில் போய்த் தங்கிக்கொண்டு, வருஷக்கணக்காகச் சிறிது சிறிதாக இரத்தத்தில் கசிந்துகொண்டிருக்கும். ஆகவே எவன் அதிக வருஷம் வாழ்ந்தானோ அவன் உடம்பில் அதிகம் சேரும். அதோடு வயதானால் ஈரலும் சிறுநீரகமும் கழிவை வெளியேற்றும் வேகம் குறைகின்றது. இன்சுலினைச் சுரக்கும் கணையமும் தளர்கின்றது. வாலிபத்தில் தாங்கிய சுமையை முதுமையில் தாங்க முடிவதில்லை.

இன்னொரு சங்கதியையும் கவனிக்க வேண்டும். இன்று எழுபது வயதாகின்றவருக்கு 1970களில் வாலிப வயது. அதுதான் அதிக விளைச்சல் வேண்டுமென்று விஷப்புட்டிகளை வண்டி வண்டியாகக் கிராமத்தில் கொண்டுவந்து இறக்கிய காலம். டி.டி.டி.யையும், பி.எச்.சி. பொடியையும் வெறுங்கையால் அள்ளித் தூவினவர்கள் இவர்களே. அமெரிக்காவில் 1972லேயே டி.டி.டி.யைத் தடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் 1989இல்தான் விவசாயத்திற்கு அதைத் தடுத்தார்கள். பி.எச்.சி.யை நிறுத்த 1997 வரை ஆயிற்று. அவன் நாட்டில் ஆகாதது நம் நாட்டில் இத்தனை வருஷம் ஆகிக்கொண்டிருந்தது! அந்தக் கணக்கைத்தான் இன்று நம் கிழவர்களும் கிழவிகளும் தங்கள் உடம்பால் தீர்த்துக்கொண்டிருக்கின்றார்களோ என்று கேட்கின்றோம்.

ஆட்சேபணைகளுக்குப் பதில்

முதல் ஆட்சேபணை: “சம்பந்தம் இருக்கின்றதென்றுதானே ஆராய்ச்சி சொல்லுகின்றது? இதுதான் காரணமென்று முழுதும் நிரூபணமாகவில்லையே!” என்று கம்பெனிக்காரர்கள் கேட்கலாம். வாஸ்தவம். ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால் அமெரிக்க சர்க்கார் என்ன செய்தது பாருங்கள். வியட்நாம் யுத்தத்தில் 1962 முதல் 1971 வரை “ஏஜென்ட் ஆரஞ்சு” முதலிய களைக்கொல்லிகளைக் காடுகளின்மேல் ஆகாய விமானத்திலிருந்து தெளித்தார்கள். அதில் டையாக்சின் என்னும் நஞ்சு கலந்திருந்தது. பிற்பாடு சிப்பாய்களுக்குச் சர்க்கரை வியாதி கண்டது. 2000ஆம் வருஷத்தில் ஆராய்ந்த நிபுணர்கள், சம்பந்தத்திற்கு ஓரளவு ஆதாரமே இருக்கின்றது என்றுதான் சொன்னார்கள். அந்த ஓரளவு ஆதாரத்தைக் கொண்டே, 2001ஆம் வருஷம் முதல் வியட்நாமில் வேலை பார்த்த சிப்பாய்க்கு இந்த வியாதி வந்தால், அது அந்த விஷத்தால் வந்ததென்றே வைத்துக்கொண்டு உபகாரச் சம்பளம் கொடுத்து வருகின்றார்கள். முழு நிரூபணம் வரட்டும் என்று அவன் தன் சிப்பாயைக் காக்க வைக்கவில்லை. நம் கூலிக்காரனுக்கு மட்டும் கடைசி எழுத்து வரை நிரூபணம் வேண்டுமாம்! அதுவரையில் அவன் தானே சோதனை எலியாக இருக்க வேண்டுமாம்! இது என்ன நியாயம்?

இரண்டாவது ஆட்சேபணை: “நீங்கள் விஞ்ஞானத்தைப் போற்றுகின்றவர்களாயிற்றே, விஞ்ஞானத்தால் வந்த பொருளைக் குறை சொல்லலாமா?” என்பது. இது கெட்டிக்காரத்தனமான கேள்விபோல் தோன்றும். ஆனால் விஞ்ஞானம் என்பது புட்டியில் அடைத்து விற்கின்ற சரக்கல்ல. கேள்வி கேட்பதும், பரிசோதிப்பதும், தப்பென்று கண்டால் மாற்றிக்கொள்ளுவதுமே விஞ்ஞானம். டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று கண்டவருக்கு 1948இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மலேரியாக் கொசுவை ஒழித்து அது அநேக உயிர்களைக் காப்பாற்றியது உண்மை. அதன் கெடுதலை 1962இல் புத்தகம் எழுதி உலகத்திற்குக் காட்டிய ராச்சல் கார்சன் அம்மையாரும் விஞ்ஞானம் படித்தவர்தான். அந்த அம்மையாரையும் விற்பனைக்காரர்கள் திட்டாமல் விடவில்லை. விஷத்தைக் கண்டதும் விஞ்ஞானம், அதன் தீங்கைக் கண்டதும் விஞ்ஞானம். முன்னதை மட்டும் ஒப்புக்கொண்டு பின்னதை மறைப்பது வியாபாரம்.

மூன்றாவதாக, வேறொரு கூட்டத்தார் இந்த நெருப்பில் குளிர்காயப் பார்க்கின்றார்கள். “பார்த்தீர்களா, ரிஷிகள் காலத்து விவசாயமே உத்தமம், இந்தச் சூரணத்தைத் தின்றால் சர்க்கரை அடியோடு தீரும்” என்று கடை விரிக்கின்றார்கள். அவர்களிடமும் ஜாக்கிரதையாக இருங்கள் என்கின்றோம். பழங்காலத்துப் பஞ்சங்களில் பட்டினியால் செத்தவர்களுக்கு எந்த ரிஷியும் சோறு போடவில்லை. சூரணத்தை நம்பி இன்சுலினை நிறுத்தியவர்கள் காலையும் கண்ணையும் இழந்து நிற்பதை நாம் பார்த்திருக்கின்றோம். கம்பெனிக்காரன் பிடியிலிருந்து தப்பிச் சாமியார் பிடியில் விழுவது விடுதலையாகாது.

முதுகு யாருடையது?

நிற்க. இதில் முக்கியமான சங்கதி ஒன்று இருக்கின்றது. விஷத்தை வாங்குபவர் நிலத்துக்குடையவர். கலக்குவதும் சுமப்பதும் தெளிப்பதும் யார்? பெரும்பாலும் நிலமில்லாத கூலி. அதிலும் தாழ்த்தப்பட்ட மக்கள். களை எடுக்கவும் காய் பறிக்கவும் மறுநாளே ஈரம் காயாத வயலில் இறங்குவது அவர்கள் வீட்டுப் பெண்கள். விளைச்சல் ஒருவனுக்கு, வியாதி மற்றொருவனுக்கு என்று இங்கேயும் ஒரு வருணாசிரமம் நடக்கின்றது.

சட்டம் இல்லையா என்றால் இருக்கின்றது. 1958ஆம் வருஷத்தில் கேரளத்தில், பாலிடால் கலந்துவிட்ட கோதுமை மாவைத் தின்று நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதன் பிறகுதான் விசாரணை நடந்து, 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1971ஆம் வருஷத்து விதிகளில், விஷத்தோடு வேலை செய்பவனுக்குப் பாதுகாப்பு உடுப்பு, கையுறை, வைத்தியப் பரிசோதனை எல்லாம் எழுதியிருக்கின்றது. எந்த வயலில் எந்தக் கூலிக்குக் கையுறை கொடுத்தார்கள்? முகத்தில் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு கோவணம், இதுதானே உடுப்பு! 2017இல் மகாராஷ்டிரத்து யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு விஷம் தெளித்தவர்கள் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். பக்கத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின்மேல் 2000 வரையில் இருபது வருஷத்திற்கு மேலாக எண்டோசல்பானை ஹெலிகாப்டரிலிருந்து பொழிந்தார்கள்; 2011இல்தான் சுப்ரீம் கோர்ட் அந்த விஷத்தை நிறுத்தியது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்குத் தெளிக்கக்கூடாதென்று 2005இல் தடுத்தார்கள். ஆனால் 2013இல் பீகாரில் பள்ளிக்கூடச் சாப்பாட்டில் அந்த விஷமே கலந்து 23 குழந்தைகள் மாண்டார்கள். உடனே செத்தவர்கள் பத்திரிகையில் வருகின்றார்கள். நாற்பது வருஷம் கழித்து விரல் விரலாகச் சாகின்றவனை எந்தக் கணக்கில் எழுதுகின்றார்கள்? “வயதாகிவிட்டது, சர்க்கரை” என்று எழுதி முடித்துவிடுகின்றார்கள்.

செய்ய வேண்டியது

ஆகவே நாம் சொல்லுவது என்னவென்றால், முதலாவது, “மருந்து” என்று சொல்லுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். விஷம் என்று சொல்லுங்கள். “விஷம் தெளிக்க ஆள் வேண்டும்” என்று வாயால் கேட்கும்போதே கேட்பவனுக்கும் போகின்றவனுக்கும் புத்தி வரும்.

இரண்டாவது, விஷத்தோடு புழங்கின ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆணும் பெண்ணும், வியாதி தெரிகின்றதோ இல்லையோ, ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் போய் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2021இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றார்கள். வந்தால் “எனக்கொன்றுமில்லை” என்று திருப்பி அனுப்பாதீர்கள். வெறும் வயிற்றில் 126க்குக் குறையாமல் இருந்து, மறு சோதனையிலும் அப்படியே இருந்தால் அது சர்க்கரை வியாதி. டாக்டரிடம் “இத்தனை வருஷம் விஷம் தெளித்தேன்” என்று நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார், ஆனால் எழுதிக்கொள்ளச் செய்யுங்கள்.

மூன்றாவது, வயதானவர் தோளில் இனி அந்த டப்பாவை ஏற்றாதீர்கள். தெளிக்கின்ற இளையவரும் கையுறையும் முழு உடுப்பும் கேட்டு வாங்கிக்கொண்டே இறங்க வேண்டும். காற்றுக்கு எதிரே தெளிக்கக்கூடாது. கை கழுவாமல் பீடியோ வெற்றிலையோ வாயில் வைக்கக்கூடாது. அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. காலி டப்பியில் தண்ணீரோ எண்ணெயோ வைக்கக்கூடாது. உடுப்புக் கொடுக்கமாட்டேன் என்கின்ற முதலாளியிடம், “அப்படியானால் நீங்களே தெளித்துக்கொள்ளுங்கள்” என்று எல்லாக் கூலிகளும் சேர்ந்து சொல்ல வேண்டும். தனியாகச் சொன்னால் வேலை போகும். சேர்ந்து சொன்னால் உடுப்பு வரும்.

நான்காவது, சர்க்காரிடம் நாம் பிச்சை கேட்கவில்லை, கணக்குக் கேட்கின்றோம். கிராமந்தோறும் விஷம் தெளித்தவர்களின் பட்டியல் எடுக்க வேண்டும். வருஷந்தோறும் அவர்கள் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். வியாதி கண்டவருக்கு, சிப்பாய்க்குக் கொடுக்கின்றதுபோல் உபகாரச் சம்பளம் கொடுக்க வேண்டும். நாட்டுக்குச் சோறு விளைத்தவன் யுத்தத்திற்குப் போனவனுக்கு எந்த விதத்தில் குறைந்தவன்?

அந்தப் பெரியவரை மறுபடியும் பார்த்தோம். “இதுதான் உமக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, பெரியவரே, ஆனால் இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பதற்கு ஆதாரம் இருக்கின்றது, நீர் செய்த பாவம் இதில் ஒன்றுமில்லை” என்று சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “என் மகன் இப்போது டப்பா தூக்குகிறான் ஐயா, அவனுக்கு முதலில் கையுறை வாங்கித் தரச் சொல்லுகிறேன்” என்றார். சோசியரும் பூசாரியும் இத்தனை வருஷம் சொன்னதில் அவருக்கு இந்த ஒரு யோசனை வரவில்லை என்பதை வாசகர்கள் கவனிப்பார்களாக.